வள்ளத்தை லொறியாக்கியவள்

“மகள், நீங்க இந்தப் புத்தகத்த நெசமாவே வாசிச்சீங்களா?”

மாத்தளையில், மண்டபம் நிறைந்த கூட்டத்தின் முன்னால், ஓர் இலக்கிய வட்டத்தின் தலைவர் என்னிடம் இப்படிக் கேட்டார். ஒலிவாங்கியை வாயருகே பிடித்துக்கொண்டே கேட்டார். அது இல்லாமலே கேட்டிருக்கலாம். நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன்.

அந்த நாவலை என்னளவுக்கு வாசித்தவர் அந்த மண்டபத்தில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. பக்கங்கள் கையோடு கழன்று வரும்வரை வாசித்தவள் நான். அட்டை போனபோது சீமெந்துப் பையைக் கிழித்து அப்பா புது அட்டை போட்டுக் கொடுத்தார். அப்படியிருந்தும் அந்த எளிய கேள்விக்கு வெறும் ‘ஆம்’ என்று மட்டும் சொல்லிவிட எனக்கு முடியவில்லை.

(நாவலின் பெயரைச் சொல்லப்போவதில்லை. எழுதியவர் நல்ல சுகத்தோடு இருக்கிறார். அப்படியே இருக்கட்டும்.)

பலாபத்வலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, உள்ளே ஏறும் பாதையில் கால் கடுக்க நடந்தால் எங்கள் தோட்டம் வரும். பாதி தேயிலை, மீதி மிளகும் கொக்கோவும். அம்மா கொழுந்து பறிப்பவர். அப்பா தோட்டத்து லொறியில் மூட்டை ஏற்றி இறக்குபவர். அப்பாவுக்குப் பஸ்ஸின் பெயர்ப்பலகையை வாசிக்கத் தெரியும், கையெழுத்துப் போடத் தெரியும். அம்மாவுக்கு அதுவும் தெரியாது. எங்கள் குடும்பத்தில் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதில் எனக்குப் பெருமை அதிகம். அதை மறைத்து வைக்கும் எண்ணம் எனக்கு அன்றும் இருக்கவில்லை, இன்றும் இல்லை.

எனக்குப் பதின்மூன்று வயதிருக்கும்போது பேச்சுப் போட்டியில் பரிசாக அந்த நாவல் கிடைத்தது. தோட்டத்து வரிசை வீடான லயத்தில், எங்கள் காம்பராவுக்குள் வந்த முதல் கதைப்புத்தகம் அதுதான். அம்மா மலையிலிருந்து வந்து, முகம் கழுவி, ரொட்டிக்கு மாவைப் பிசைந்துகொண்டே என்னைப் பார்த்தார்.

“என்னா புள்ள அப்புடி இருக்கு அதுல? சத்தமா வாசி. நாங்களும் கேப்போம்ல.”

“எனக்கும் கேக்குற மாதிரி வாசிடி!” என்று சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது. அத்தை அப்பாவின் அக்கா, அடுத்த காம்பராவில் இருப்பவர். லயத்துச் சுவர்கள் கூரை வரை போவதில்லை. அதனால் எங்கள் வீட்டில் நடப்பது எதற்கும் அத்தை நேரில் வரவேண்டிய அவசியம் இருந்ததில்லை.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு முதல் வரியை வாசித்தேன். விடியற்காலையில் கரைவலை இழுக்கிறார்கள். சம்மாட்டி வள்ளத்தடியில் நின்று சத்தம் போடுகிறான்.

“கரைவலைன்னா என்னா?” என்றார் அம்மா.

“சம்மாட்டின்னா யாரு?” என்றது சுவர்.

எனக்கு இரண்டும் தெரியாது. கடலை நான் கண்டதே இல்லை, நாட்காட்டியில் கண்டதைத் தவிர. ஆனால் அந்த வீட்டில் ‘தெரியாது’ என்று சொல்லும் உரிமை மற்றவர்களுக்குத்தான் இருந்தது. நான் பள்ளிக்கூடம் போனவள் அல்லவா!

“சம்மாட்டின்னா... கங்காணி மாதிரி” என்றேன்.

“அப்புடின்னா கங்காணின்னே வாசியேன்.”

அதில்தான் எல்லாம் தொடங்கியது. சம்மாட்டி கங்காணியானான். அவனுக்குக் கடற்கரையில் வேலை இல்லாமல் போனதால் கடற்கரையையும் மாற்ற வேண்டியதாயிற்று. வள்ளம் லொறியானது. கருவாடு காயவைத்தவர்கள் மிளகு காயவைத்தார்கள். நாலாம் அத்தியாயத்தில் வரும் புயலை மண்சரிவாக்கினேன். ஒரு வாரம் போவதற்குள் அந்தக் கடலோரக் கிராமம் முழுவதையும் பெயர்த்துக் கொண்டுவந்து எங்கள் தோட்டத்துக்கு அடுத்த தோட்டத்தில் குடியேற்றிவிட்டேன். கதாநாயகி பவளத்தின் பெயரையும் அவள் புருஷன் செல்லையாவின் பெயரையும் மட்டும் தொடவில்லை. அவ்வளவு மரியாதை எழுத்தாளருக்குப் போதும் என்று நினைத்தேன்.

மாற்றியதோடு விடவுமில்லை. கேட்பவர்கள் விடவில்லை என்பதுதான் சரி. நாவலில் கல்யாணம் ஒரே வரியில் முடிந்துவிடும். அத்தைக்கு அது செரிக்கவில்லை. “பொண்ணுக்கு என்னா சீலடி? எத்தன பேருக்கு சோறு போட்டாங்க?” என்று சுவருக்கு மேலால் கேட்டுக்கொண்டே இருந்ததில் அந்தக் கல்யாணம் எங்கள் வீட்டில் பல நாட்கள் நடந்தது. அப்பாவுக்குச் சண்டை வேண்டும். “அந்தக் கங்காணிப் பய இவ்வளவு பண்றான், செல்லையா சும்மாவா இருப்பான்?” என்று அவர் கோபப்பட்டதால், பாலத்தடியில் ஒரு சண்டை வைத்தேன். அது நன்றாக அமைந்துவிட்டதால் அடுத்த கிழமை இன்னொன்று.

அம்மா மட்டும் பெரிதாக ஒன்றும் கேட்கமாட்டார். ஒவ்வொரு நாளும் புத்தகத்தை மூடும்போது ஒரே கேள்வி.

“அந்தப் புள்ள சாப்ட்டுச்சா?”

பவளம் சாப்பிடுவதாக எழுத்தாளர் எங்கேயும் எழுதவில்லை. துக்கப்படுகிறாள், வலை தைக்கிறாள், வானத்தைப் பார்க்கிறாள். சோறு மட்டும் கிடையாது. ஆகவே நானே அவளுக்கு ஒவ்வொரு நாளும் சாப்பாடு கொடுத்தேன். பெரும்பாலும் அன்று எங்கள் வீட்டில் என்னவோ அதுதான் அவளுக்கும்.

கடைசி அத்தியாயம் வந்தது. கடலுக்குப் போன செல்லையா திரும்பி வருவதில்லை. பவளம் கரையில் லாந்தரோடு நிற்கிறாள், அதோடு நாவல் முடிகிறது. நான் வாசித்த கதையில் அவன் மழையில் லொறியோடு போயிருந்தான், பவளம் பாலத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். அம்மா மாவுக் கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அப்பாவும் மழையில் லொறியோடு எல்கடுவைப் பக்கம் போயிருந்தார், இன்னும் வந்து சேரவில்லை. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். பக்கத்தைப் புரட்டுவதுபோல் புரட்டி, இல்லாத ஒரு பக்கத்தை வாசித்தேன். லொறி வழியில் பழுதாகிவிட்டது, செல்லையா நடந்தே வந்துவிட்டான், தலை நனைந்திருந்தது, பவளம் தேத்தண்ணி வைத்துக் கொடுத்தாள்.

அம்மா மூச்சை விட்டுவிட்டு மாவைப் பிசையத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் அப்பாவும் வந்துவிட்டார், தலை நனைந்து.

அதற்குப் பிறகு அம்மா மாறிப்போனார். பெரட்டுக்களத்தில் காலையில் பேர் கொடுக்க நிற்கும்போதும், நிரையில் கொழுந்து எடுக்கும்போதும், “எனக்கும் ஒரு பொஸ்தகம் தெரியும்” என்று மற்றவர்களுக்குக் கதை சொல்லத் தொடங்கினார். வாசிக்கத் தெரியாத ஒருவருக்கு ஒரு புத்தகம் சொந்தமானது அப்படித்தான். நான் மேலே மேலே படிக்கப் படிக்க, நான் பேசுவது அம்மாவுக்கு விளங்காமல் போய்க்கொண்டிருந்தது. பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு என் பாடங்களின் பெயர்களைக்கூட அவரால் சொல்ல முடியவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவாக மிஞ்சியிருந்த புத்தகம் அது ஒன்றுதான்.

நான் இரண்டாம் வருடம் படிக்கும்போது அந்த நாவலைப் படமாக எடுத்தார்கள். மாத்தளையில் அதைத் திரையிட்டு, ‘நாவலும் படமும்’ என்று ஒரு கூட்டம் வைக்கப் போவதாகவும், நான் ஒரு கட்டுரை வாசிக்க வேண்டும் என்றும் இலக்கிய வட்டத்திலிருந்து அழைப்பு வந்தது. எனக்குத் தலை கால் புரியவில்லை. உடனே எழுத உட்கார்ந்தேன். படத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. (அது ஒரு தடையாக எனக்குத் தோன்றவே இல்லை.) கைத்தொலைபேசியில் முன்னோட்டம் பார்த்தேன், அதிலேயே தேவையான அளவு குற்றங்கள் கிடைத்தன. பவளத்துக்கு நாவலில் இரண்டு தங்கைகள், படத்தில் ஒருத்திதான். நாவலில் கிணறு, படத்தில் குழாய். கொதித்துப்போய் எழுதினேன். ‘மூலத்துக்கு விசுவாசம்’ என்று தலைப்பு வைத்தேன்.

வீட்டில் சொன்னதும் அம்மா கேட்டார், “எந்தக் கத? நம்ம பவளம் கதையா?”

“ஆமாம்மா.”

“அப்ப நீ பேசுறது எனக்கு வெளங்கும்ல?”

அந்த ஒரு கேள்விக்காகத்தான் அம்மா, அப்பா, அத்தை மூன்று பேரையும் அழைத்துப் போக முடிவு செய்தேன். என்னை மேடையில் பார்க்க வேண்டும் என்பது மட்டுமல்ல அம்மாவின் ஆசை. முதல் தடவையாக, நான் பேசுவது முழுவதும் தனக்கு விளங்கப்போகிறது என்ற சந்தோசம். “எம் மக பேசப் போறா, நான் கேட்ட கதையத்தான் பேசப் போறா” என்று பெரட்டில் சொல்லிவிட்டுத்தான் லீவு கேட்டார்.

கடல் என்ற விசயம் ஒன்று இருக்கிறதே என்று எனக்கு ஞாபகம் வந்தது, மண்டபத்தில் விளக்கை அணைத்த பிறகுதான்.

திரை முழுக்கக் கடல். சத்தமும் கடல். நான் மேடையின் ஓரத்தில் தலைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். முன்வரிசையில் அம்மா, அப்பா, மடியில் குடையோடு அத்தை. எங்கள் வீட்டு ஆட்களுக்கு ரகசியமாகப் பேசத் தெரியாது. மலையில் நிரைக்கு நிரை கூப்பிட்டுப் பேசிப் பழகியவர்கள்.

“என்னா இது, இவ்வளவு தண்ணி?” என்றார் அம்மா.

“இது வெளம்பரம். படம் இனிமேத்தான் வரும்” என்றார் அத்தை.

விளம்பரம் முடியவில்லை. வள்ளம் வந்தது. வலை வந்தது. ஒரு பெண் வந்தாள். யாரோ அவளைப் “பவளம்!” என்று கூப்பிட்டார்கள்.

“பேரு மட்டுந்தான் சரியா இருக்கு” என்றார் அப்பா. சொல்லிவிட்டு எழுந்தார்.

அந்த இருட்டில் அப்பாவின் வெள்ளைச் சட்டை எழுந்து, படம் போடுகிறவரின் மேசையை நோக்கி நகர்வதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து ஓடியிருக்கலாம். படம் போடுகிறவர் தமிழர்தான். ஆனால் வயர், மெஷின் என்று எதையாவது தொட்டுக்கொண்டிருக்கும் ஆளைக் கண்டால் அப்பாவுக்குச் சிங்களம்தான் வரும்.

“மஹத்தயா, மே வென பிலிம் எகக்.”

“அண்ணே, தமிழ்லயே சொல்லுங்க.”

“வேற படத்தப் போட்டுட்டீங்கய்யா. பரவால்ல, மனுசன்னா தப்பு நடக்கத்தான் செய்யும். சரியானதப் போடுங்க. எங்க மக பேசணும்.”

அவர் பதறிப்போய் எதையோ அழுத்தினார். கடல் மறைந்தது. திரை நீலமாகி, நடுவில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. கணினி தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறதாம், அணைக்க வேண்டாமாம். விளக்குகள் எரிந்தன.

தலைவர் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர், மாத்தளை நகரத்துக்காரர், பொறுமையான மனிதர். ஒலிவாங்கியோடு எழுந்தார். “என்ன பிரச்சின?”

“பிரச்சின ஒன்னும் இல்லீங்க சேர்” என்றார் அப்பா, பிரச்சினையைத் தானே தீர்த்துவிட்ட நிம்மதியோடு. “படம் மாறிப்போச்சு. எங்க மக பேசப் போறது தோட்டத்துக் கத. இதுல கடலு வருது.”

“கத கடல் பக்கத்திலதானே நடக்குது?”

அப்பா அவரை இரக்கத்தோடு பார்த்தார். “நீங்க அந்தப் பொஸ்தகத்த வாசிக்கலீங்களா சேர்?”

தலைவர் அப்பாவைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். (அத்தை குடையால் தரையைத் தட்டி, “லொறி எங்கன்னு கேளு!” என்று அப்பாவுக்கு எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தார்.) பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். அப்போதுதான், நான் தொடக்கத்தில் சொன்ன அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“வாசிச்சேன் சேர்” என்றேன். “வீட்டுல வாசிக்கிறப்ப மட்டும் கொஞ்சம் மாத்தி...”

“கொஞ்சம்னா?”

“கடல எடுத்துட்டேன்.”

ஒலிவாங்கியை அவர் என் வாயருகே நீட்டியிருந்தார். நான் சொன்னது வாசலில் செருப்புக் கழற்றிக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்டது. சிரிப்பு முதலில் பின்வரிசையில் தொடங்கி, அலை அலையாக முன்னால் வந்தது. கடலை எடுத்துவிட்டேன் என்று சொன்னவளே இப்போது அலை என்று எழுதுகிறேன், பாருங்கள்.

அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. நேரத்தைப் போக்க வேண்டும். தலைவர் நல்ல மனதோடுதான் அதைச் செய்தார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஒலிவாங்கியை அப்பாவிடம் நீட்டி, “மெஷின் சரியாகுற வரைக்கும் நீங்க சொல்லுங்க. உங்கட கத எப்படிப் போகுது?” என்றார்.

அப்பா சொன்னார். முழுவதையும் சொன்னார். பாலத்தடிச் சண்டை வந்ததும் ஒலிவாங்கியை அத்தையிடம் கொடுத்துவிட்டு, செல்லையா கங்காணியை எப்படித் தூக்கினான் என்று கையால் காட்டினார். ஒலிவாங்கி கையில் வந்ததை அத்தை வீணாக்கவில்லை. கல்யாணத்துக்குப் போய், மரக்கறி வகைகளைச் சொல்லி, சீலையின் நிறத்தையும் சொன்னார். மண்டபம் கைதட்டியது. நான் மடியிலிருந்த கட்டுரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ‘அவசியமற்ற சண்டைக் காட்சிகள்’ என்று ஒரு பந்தி. ‘சந்தைக்காக நீட்டப்படும் கல்யாணக் காட்சிகள்’ என்று அடுத்தது. திரைப்படங்களைப் பற்றிப் பொதுவாக நான் சாட்டியிருந்த குற்றங்களை ஒவ்வொன்றாக என் குடும்பமே எனக்கெதிராக நிரூபித்துக்கொண்டிருந்தது, அதுவும் பெருமையோடு.

அதையெல்லாம் தாங்கியிருப்பேன். அம்மாவைப் பார்த்தேன். அம்மா சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமில்லை. பஸ்ஸில் தெரிந்த ஆள் என்று நினைத்துச் சிரித்துவிட்டு, இல்லை என்று தெரிந்ததும் முகத்தை என்ன செய்வதென்று தெரியாமல் இருப்போமே, அப்படி. தனக்குத் தெரிந்த ஒரே புத்தகம் தனக்குத் தெரியாது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்திருந்தது.

படம் மறுபடி தொடங்கியது. இந்தத் தடவை ஒருவரும் எழும்பவில்லை. இடையில் ஒரே ஒரு தடவை மட்டும் அம்மாவின் குரல் கேட்டது. “இன்னும் ஒன்னும் சாப்புடல அந்தப் புள்ள.”

கடைசியில் செல்லையா வரவில்லை. கரையில் பவளம் நின்றாள். நாவலில் அந்த இடம் நீளமானது, அவள் மனதில் ஓடுவதெல்லாம் வரும். படத்தில் அவள் ஒரு சொல்லும் பேசவில்லை. முகத்தைக்கூடக் காட்டவில்லை. முதுகு, லாந்தர், கடல், அவ்வளவுதான். விளக்கு எரிந்தது.

“இப்போது, ‘மூலத்துக்கு விசுவாசம்’” என்று தலைவர் அறிவித்தார். சிரிக்காமல் சொல்ல அவர் பட்ட பாடு தெரிந்தது.

நான் எழுந்து முதல் வரியை வாசித்தேன். “மூலத்தைத் திரிக்கும் உரிமை எவருக்கும் கிடையாது.”

அதற்குமேல் என்னை வாசிக்க விடவில்லை. பின்வரிசையில் ஒருவர் சிரித்துச் சிரித்து இருமத் தொடங்கிவிட்டார், அவருக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். நான் தாளை மடித்தேன். இறங்கிவிடலாம் என்று நினைத்தபோது முன்வரிசையிலிருந்து அம்மா சொன்னார், “பேசு புள்ள.”

பேசினேன். பவளம் கரையில் நிற்கும் அந்த ஒரு இடத்தைப் பற்றி மட்டும் பேசினேன். எழுத்தாளர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் மனதைக் கேட்டுக்கொண்டிருக்கிறார், படம் எடுத்தவர் தள்ளி நின்று அவள் முதுகைப் பார்க்கிறார், இரண்டு பேருமே அவளை அந்த இடத்தில் விட்டுவிட்டுப் போக வேண்டும் என்று தெரிந்தவர்கள், எனக்கு அந்தத் தைரியம் இருக்கவில்லை, பயந்துபோய்ச் செல்லையாவை நடக்கவைத்துக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன் என்றேன். இங்கே எழுதியிருப்பதுபோல் அழகாக அப்போது வரவில்லை. திக்கினேன். இரண்டு தடவை ‘வள்ளம்’ என்று சொல்லவேண்டிய இடத்தில் ‘லொறி’ என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் அத்தை முன்னிருக்கையிலிருந்து திரும்பி, “கல்யாணத்த ஒரு நிமிசத்துல முடிச்சிட்டான் பாவி” என்றார். “சண்டையே இல்லயே” என்றார் அப்பா. அம்மா என் பக்கத்தில் ஜன்னலோரமாக இருந்தார். பலாபத்வலை நெருங்கும்போதுதான் என் பக்கம் திரும்பினார்.

“பொஸ்தகத்துலயும் கடைசில அவன் வரவே இல்லியா?”

“இல்லம்மா.”

“அப்ப அன்னைக்கு அவனக் கூட்டிட்டு வந்தது நீயா?”

“நாந்தான்.”

அம்மா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். மிளகுக்கொடிகளும் கடைகளும் போய்க்கொண்டிருந்தன.

“நல்ல வேல பாத்த” என்றார். “ஒங்க அப்பா இன்னும் வராத நேரம். அவன் வராட்டி என்னால அடுப்ப மூட்டியிருக்க ஏலாது.” பிறகு, “ஆனா பெரட்டுல எல்லாருகிட்டயும் பொஸ்தகம் தெரியும்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனே, புள்ள” என்றார்.

“தெரியாமலாம்மா? இப்ப ஒனக்கு ரெண்டு தெரியும்.”

நான் சமாளிக்கிறேன் என்று அம்மா நினைத்திருப்பார். ஆனால் மறுநாள் மலையில் நடந்ததை மற்றவர்கள் வந்து சொன்னார்கள். அம்மா நிரையில் நின்றுகொண்டு, “பவளம் கதையில ரெண்டு இருக்கு. அவன் திரும்பி வர்றது ஒன்னு, வராதது ஒன்னு. எது வேணும்?” என்று கேட்டிருக்கிறார். எல்லாரும் வருவதைத்தான் கேட்டார்களாம். ஒருத்தி மட்டும் வராததைக் கேட்டுவிட்டு அன்றைக்கு முழுவதும் அழுதாளாம். “அந்தப் பொண்ணு முதுகக் காட்டிக்கிட்டு நின்னிச்சில்ல, அதச் சொன்னேன்” என்றார் அம்மா என்னிடம், குற்றம் செய்தவர்போல் அல்ல, கொஞ்சம் கர்வத்தோடு.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் என் பேச்சுக்கு மதிப்பு இல்லாமல் போனது. பஸ் பிந்திவிட்டது என்று சொன்னால் அப்பா கேட்பார், “இது பொஸ்தகத்துல உள்ளதா, நீ போட்டதா?” சோதனையில் நல்ல புள்ளி வந்தபோதும் அதே கேள்விதான். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள், மாப்பிள்ளை குடிக்கவே மாட்டார் என்று சொல்லி வாயை மூடவில்லை, சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அத்தையின் குரல் வந்தது. “அது பொஸ்தகத்துல உள்ளதா, நீங்க போட்டதா?” அந்தச் சம்பந்தம் அதோடு முடிந்தது. அத்தைக்கு நான் இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

படிப்பு முடிந்து, ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பிக்கத் தொடங்கிய முதல் விடுமுறையில் மூன்று பேரையும் தம்புள்ள வழியாகத் திருகோணமலைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா காற்சட்டையை மடித்துக்கொண்டு உடனே இறங்கிவிட்டார். அத்தை குடையைத் திறந்து அலைக்கு முன்னால் பிடித்தார். அம்மா தண்ணீர் காலைத் தொடும் இடத்தில் நின்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“அடி பாவி. இதையா நீ பலாபத்வல ரோட்டுக்குள்ள அடக்குன?”

வீட்டுக்கு வந்ததும் அம்மாவே அந்தப் புத்தகத்தை எடுத்து என் மடியில் வைத்தார். “இப்ப உள்ளத உள்ளபடி வாசி.” கரைவலையைக் கரைவலை என்றே வாசித்தேன். சம்மாட்டியைச் சம்மாட்டி என்றே வாசித்தேன். அம்மாவுக்கு எல்லாம் விளங்கியது, எனக்கும் சிலது அப்போதுதான் விளங்கியது. அத்தியாயத்தை முடித்துப் புத்தகத்தை மூடினேன்.

“அந்தப் புள்ள சாப்ட்டுச்சா?”

“பொஸ்தகத்துல அது இல்லம்மா.”

அம்மா மாவைத் தட்டிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார்.

“அப்ப நீ போடு” என்றார்.

அடுத்தவர் கதையில் போட இனி எனக்கு உரிமையில்லை. ஆகவே நானே ஒன்று எழுதினேன். ஒரு தோட்டத்துக் கதை, ஆரம்பத்திலிருந்தே தோட்டத்துக் கதை. முதல் வரியிலேயே ஒரு பெண் அடுப்படியில் உட்கார்ந்து, சுடச்சுட ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாள். போன திங்கட்கிழமை மாத்தளைத் தபால் கந்தோருக்குப் போய், அதைக் கொழும்பில் ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பிவிட்டு வந்தேன்.